மாமல்லபுரம் முதல் புதுச்சேரி வரை கடலோரக் கல்யாணம்: எந்த மாதம், எந்த வேளை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையிலிருந்து ஈ.சி.ஆர். எனப்படும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே இறங்கினால் கோவளம், மாமல்லபுரம், கல்பாக்கம், மரக்காணம் எனப் புதுச்சேரி வரைக்கும் ஏறக்குறைய 150 கிலோமீட்டர் தூரம் கடல் கூடவே வருகிறது. இந்தக் கரையில் கல்யாணம் வைக்க நினைக்கும் குடும்பங்கள் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. மண்டபக் கல்யாணத்துக்கு நாள் பார்ப்பதும் மணலில் நடக்கும் கல்யாணத்துக்கு நாள் பார்ப்பதும் ஒன்றல்ல. இங்கே பஞ்சாங்கத்தோடு மழை, வெயில், காற்று, கடல் நான்கையும் சேர்த்துப் பார்த்தாக வேண்டும்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், எந்த மாதம் நல்லது?

தை பிற்பாதியும் மாசி முழுவதும். ஆங்கிலக் கணக்கில் ஜனவரி கடைசி வாரத்திலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை.

வடகிழக்குப் பருவமழை அதற்குள் விடைபெற்றிருக்கும், வெயில் இன்னும் ஏறியிருக்காது. பிப்ரவரியில் சென்னைக் கடலோரத்தில் பெய்யும் சராசரி மழை 1 சென்டிமீட்டர்கூட வராது. பகலில் 30, 31 டிகிரி, இரவில் 21, 22 டிகிரி. பட்டுப்புடவையும் நகையுமாக மணவறையில் இரண்டு மணி நேரம் உட்காரும் பெண்ணுக்கும், ஹோமப் புகைக்கு முன்னால் வேட்டி அங்கவஸ்திரத்தோடு இருக்கும் மாப்பிள்ளைக்கும் தாங்கக்கூடிய காலம் இது ஒன்றுதான். வாசலில் நின்று வரவேற்கும் பெரியவர்களுக்கும் அப்படித்தான்.

மாசியில் கல்யாணம் வைக்கச் சில குடும்பங்கள் தயங்குவார்கள். ஆனால் ‘மாசிக் கயிறு பாசி படியும்’ என்று சொல்லி அந்த மாதத்தில் தாலிக்கயிறு மாற்றிக்கொள்ளும் ஊர் இது. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் ஒருமுறை பேசிப் பாருங்கள். பலருக்கும் அது மறுப்பதற்கான காரணமாக இருக்காது.

தை பிறந்ததும் ஜனவரி நடுவிலேயே வைத்துக்கொள்ளலாமே?

வைக்கலாம், ஆனால் சில சங்கடங்கள் உண்டு. பொங்கல் விடுமுறையில் ஈ.சி.ஆர். நிரம்பி வழியும். காணும் பொங்கலன்று மாமல்லபுரத்துக்குள் வண்டி நுழைவதே பெரும்பாடு. போகியன்று பழையன எரிக்கும் புகையும் பனிமூட்டமும் சேர்ந்து சென்னை விமான நிலையத்தில் அதிகாலை விமானங்கள் தாமதமான ஆண்டுகள் உண்டு. வெளியூர் உறவினர்கள் அன்று காலையில் வந்து இறங்குவதாக இருந்தால் ஒரு நாள் முன்னதாகவே வரச் சொல்லுங்கள்.

இன்னொன்று மணல். பருவமழைக் காலத்து அலை கரையை அரித்துவிட்டுப் போகும். ஜனவரியில் சில இடங்களில் கடற்கரை குறுகியும் சரிவாகவும் கிடக்கும். கோடையில் எடுத்த அகலமான மணற்பரப்பின் படத்தைக் காட்டி ஜனவரிக்கு இடம் விற்பார்கள். நீங்கள் கல்யாணம் வைக்கப்போகும் அதே மாதத்தில், முந்தைய ஆண்டு எடுத்த படத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

பனியையும் மறந்துவிட வேண்டாம். ‘தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்’ என்பது கடலோரத்திலும் உண்மை. இரவு வரவேற்பில் நாற்காலி உறையும் மேசைவிரிப்பும் ஈரமாகும். திறந்தவெளியில் சாப்பாடு போட்டால் தலைக்குமேல் ஒரு துணிப்பந்தலாவது வேண்டும். ஆஸ்துமா உள்ளவர்களை உள்ளறையில் உட்கார வையுங்கள்.

கார்த்திகையில் அருமையான முகூர்த்தம் கிடைத்திருக்கிறது. மழை வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள். சரியா?

மண்டபத்தில் என்றால் சரி. மணலில் என்றால் வேண்டாம் என்பதே என் பதில்.

சென்னைப் பகுதியின் ஆண்டு மழையில் ஏறக்குறைய 60 சதவீதம் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் கொட்டிவிடுகிறது. நவம்பரில் மட்டும் சராசரியாக 35 சென்டிமீட்டருக்கு மேல். ஐப்பசி, கார்த்திகை முகூர்த்தங்கள் எல்லாம் சரியாக இதற்குள்தான் விழுகின்றன.

மழைகூடப் பரவாயில்லை, புயல்தான் கவலை. வங்கக்கடலில் உருவாகும் புயல்கள் இந்த 150 கிலோமீட்டர் கரையை எத்தனை முறை தேடி வந்திருக்கின்றன என்று பாருங்கள். 2011 டிசம்பர் 30இல் ‘தானே’ கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் கரை கடந்தது. 2016 டிசம்பர் 12இல் ‘வர்தா’ சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. 2020 நவம்பர் 25 இரவு ‘நிவர்’ புதுச்சேரிக்கு அருகே. 2022 டிசம்பர் 9 இரவு ‘மாண்டஸ்’ மாமல்லபுரத்தையே ஒட்டி. 2023 டிசம்பர் தொடக்கத்தில் ‘மிக்ஜாம்’ கரையேறியது ஆந்திராவில் என்றாலும் சென்னையை மூழ்கடித்து விமான நிலையத்தையும் மூட வைத்தது. 2024 நவம்பர் 30இல் ‘ஃபெஞ்சல்’ புதுச்சேரி அருகே கரை கடந்தபோது அந்த ஊரில் 24 மணி நேரத்தில் 48 சென்டிமீட்டர் மழை பெய்தது. அன்று ஈ.சி.ஆரிலும், பழைய மாமல்லபுரம் சாலையான ஓ.எம்.ஆரிலும் பேருந்துகள் நிறுத்தப்பட்டன, சென்னை விமான நிலையமும் மூடப்பட்டது. அது ஒரு சனிக்கிழமை, கார்த்திகை மாதம்.

அப்படி ஒரு நாளில் பந்தல் நனைவது சின்ன விஷயம். ஐயர் வர முடியாது, சமையல்காரரின் வண்டி வர முடியாது, பெண்ணின் அத்தை மதுரையிலிருந்து கிளம்பவே முடியாது. கூட்டத்தைச் சாலையில் சிக்க வைக்கும் அபாயத்தை வானத்தின் மேல் பாரம்போட்டு எடுக்கக் கூடாது.

வேறு வழியே இல்லை, ஐப்பசி கார்த்திகையில்தான் வைத்தாக வேண்டும். என்ன செய்யலாம்?

சில குடும்பங்களுக்கு ஜாதகமும் விடுப்பும் சேர்ந்து வேறு தேதியே தராது. அப்போது கல்யாணத்தை விடுதியின் கட்டடத்துக்குள் திட்டமிடுங்கள். கடற்கரையை ஒரு கொசுறாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அன்று வானம் தெளிந்திருந்தால் மாலை மாற்றுவதற்கும் படம் எடுப்பதற்கும் மணலுக்குப் போகலாம்.

விடுதியின் உள்ளரங்கம் உங்கள் முழுக்கூட்டத்தையும் தாங்குமா என்று கேளுங்கள். 400 பேரை அழைத்துவிட்டு 150 பேர் கொள்ளும் அரங்கத்தை மழைக்கு மாற்றாக வைப்பதில் பொருளில்லை. ஜெனரேட்டர் ஏசிக்கும் சேர்த்து ஓடுமா, எத்தனை மணி நேரம் ஓடும் என்பதையும் கேளுங்கள். புயல் நேரத்தில் மின்சாரத்தை முன்கூட்டியே துண்டித்துவிடுவார்கள். நெருங்கிய சொந்தங்களும் புரோகிதரும் நாதஸ்வரக் குழுவும் முந்தின நாளே விடுதியில் தங்கிவிடட்டும்.

சென்னை மண்டல வானிலை ஆய்வு மையம் காற்றழுத்தத் தாழ்வு நிலை உருவாவதை நான்கைந்து நாட்களுக்கு முன்பே சொல்லிவிடுகிறது. தாழ்வு மண்டலம் என்ற சொல் அறிக்கையில் வந்த அன்றே குடும்பத்தில் யார் முடிவெடுப்பது, எப்போது எடுப்பது என்று தீர்மானித்துக்கொள்ளுங்கள். கடைசி நாள்வரை இழுத்தால் முடிவு உங்கள் கையில் இருக்காது.

பிள்ளைகளின் பள்ளி விடுமுறை மே மாதம்தான். சித்திரை, வைகாசி ரொம்ப மோசமா?

மாதம் மோசமில்லை. வேளையைத் தவறாகத் தேர்ந்தெடுத்தால்தான் மோசம்.

மே 4 வாக்கில் தொடங்கி 28 வாக்கில் முடியும் அக்னி நட்சத்திரத்தின்போது பகலில் 38, 40 டிகிரி சாதாரணம். இரவிலும் 27, 28க்குக் கீழே இறங்காது. கடலோரத்தில் ஈரப்பதம் அதிகம் என்பதால் வேர்வை காயாது. அதனால்தான் உள்மாவட்டத்து 40 டிகிரியைவிடக் கடலோரத்து 36 டிகிரி உடம்பை அதிகம் வாட்டும். காலை 9 மணிக்குமேல் திறந்த மணலில் யாரையும் உட்கார வைக்காதீர்கள். முக்கியமாக 70 வயது தாண்டியவர்களையும் கைக்குழந்தையையும். அவர்களுக்கு மயக்கம் வருவது சொல்லிக்கொண்டு வராது.

ஆனால் விடியற்காலை வேறு உலகம். மே கடைசியில் இந்தக் கரையில் சூரியன் 5.42க்கே உதித்துவிடும். பிரம்ம முகூர்த்தத்தையோ ஆறு மணியை ஒட்டிய நல்ல நேரத்தையோ பார்த்துத் தாலி கட்டி, 7.30க்குள் சடங்குகளை முடித்து, எட்டு மணிக்கு ஏசி அறையில் இலை போட்டுவிட்டால் கோடைக் கல்யாணம் இனிமையாகவே நடக்கும்.

மாலை வரவேற்புக்குக் கடல்காற்று துணை. கோடையில் நிலம் சூடேறியதும் கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வரத் தொடங்கும். ஏப்ரல், மே மாதங்களில் பல நாட்களில் நண்பகலை ஒட்டியே வந்துவிடும். ஜூனில் மேற்குக் காற்று வலுத்துவிட்டால் அது தாமதமாகும், சில நாள் வரவே வராது. ஜூன் மதியங்கள் மேயைப் போலவே கொளுத்துவது இதனால்தான்.

சாப்பாட்டில் கோடைக்குத்தான் முதல் இடம். வாசலில் நுங்கு சர்பத், பந்தியில் மாம்பழம், தாராளமாக மல்லிகை. அசைவ விருந்து என்றால் மட்டும் ஒன்றைக் கவனியுங்கள். தமிழகத்தின் கிழக்குக் கடலோரத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. நாட்டுப்படகு மீன் கிடைக்கும், விலை ஏறியிருக்கும். வஞ்சிரம் வறுவல்தான் வேண்டும் என்று நிற்காமல் அன்று வரும் மீனுக்கேற்பச் சமைக்கச் சொல்லுங்கள்.

ஆனி, ஆவணி?

இரண்டிலும் முகூர்த்தம் உண்டு. நடுவில் ஆடி இருப்பதால் பல விடுதிகளில் அந்த மாதம் வாடகை குறையும். ஆடியில் கல்யாணம் செய்யத் தடை பார்க்காத குடும்பங்களுக்கு அது லாபம்.

ஜூலை முதல் செப்டம்பர் வரை இங்கே மழையின் குணம் வேறு. நாள் முழுக்கப் பிடித்துக்கொள்ளாது. பகல் காய்ந்து கிடக்கும், மாலையிலோ இரவிலோ மேற்கிலிருந்து இடியோடு ஒரு மழை வந்து ஒரு மணி நேரம் கொட்டிவிட்டுப் போகும். வரும்போது காற்று பலமாக அடிக்கும். ஆகவே முகூர்த்தம் காலையில் மணலில், வரவேற்பு மாலையில் கூரைக்குக் கீழே என்று பிரித்தால் ஆவணி நல்ல மாதம்.

லண்டன், டொராண்டோ, வளைகுடா நாடுகளிலிருந்து வருகிறவர்களுக்கு ஜூலை, ஆகஸ்ட்டில்தான் பிள்ளைகளின் நீண்ட விடுமுறை. ஆகஸ்ட் நடுவில் ஆவணி பிறந்ததும் வரும் முதல் முகூர்த்தங்கள் அவர்களுக்காகவே அமைந்தவை. சிங்கப்பூர்ச் சொந்தங்களுக்கு ஜூன் விடுமுறை வசதி. டிசம்பரில் வருகிறோம் என்பார்கள். நடு டிசம்பரில் மார்கழி பிறந்துவிடும், அதற்கு முன்னால் மழை. நிதானமாக எடுத்துச் சொல்லுங்கள்.

காலையில் வைப்பதா, மாலையிலா? படங்கள் எப்போது நன்றாக வரும்?

இது கிழக்குக் கரை. சூரியன் கடலிலிருந்து எழும், நிலத்துக்குப் பின்னால்தான் மறையும். கடலில் அஸ்தமனம் வேண்டும் என்ற எண்ணத்தோடு மாலை நிகழ்ச்சி வைத்தால் ஏமாற்றமே மிஞ்சும். ஆனால் நம் முகூர்த்தங்கள் பெரும்பாலும் காலையில் வருவதால் இந்தக் கரை நமக்கென்றே இருப்பதுபோல் எனக்குத் தோன்றும். பிப்ரவரி நடுவில் உதயம் ஆறரை மணியை ஒட்டி. 6.30க்கும் 8க்கும் இடையில் தாலி கட்டும் நேரம் அமைந்தால் அந்த ஒளியில் எந்தப் புகைப்படக்காரரும் தோற்க மாட்டார். மணவறையைக் கடலுக்கு முதுகு காட்டி அமைத்தால் எல்லாருடைய முகமும் நிழலில் விழும். கொஞ்சம் சாய்த்துத் தென்கிழக்கில் பக்கவெளிச்சம் விழும்படி அமைக்கச் சொல்லுங்கள், புரோகிதரிடமும் திசை கேட்டுக்கொண்டு.

திறந்தவெளியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது. 5.30 முகூர்த்தத்துக்கு மைக் வைக்காமல் திட்டமிடுங்கள்.

கடலில் சூரியன் மறைவதுதான் எங்களுக்கு வேண்டும். எங்கே போகலாம், எப்போது?

மேற்குக் கரைக்கு. கேரளத்தின் கோவளம், வர்க்கலை, அல்லது கோவா. நாள்காட்டி அங்கே வேறு. ஜூன் 1 வாக்கில் தென்மேற்குப் பருவமழை கேரளத்தைத் தொட்டால் செப்டம்பர்வரை கடற்கரையை மறந்துவிட வேண்டும். கோவாவில் மணல்மேல் போட்ட குடில்களையே மழைக்கு முன் பிரித்துவிடுவார்கள். கோவாவுக்கு நவம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி வரை சிறப்பு. தென்கேரளத்துக்கு வடகிழக்குப் பருவமழையிலும் பங்கு உண்டு என்பதால் அங்கே டிசம்பர் பிற்பாதி முதல் மார்ச் தொடக்கம் வரை. கார்த்திகை முகூர்த்தத்தை விடவே முடியாத குடும்பம் கோவாவை யோசிக்கலாம். சென்னை நனையும் நவம்பர் பிற்பாதியில் கோவா பெரும்பாலும் காய்ந்திருக்கும்.

இலங்கையில், திருகோணமலைப் பக்கம்?

நிலாவெளி, பாசிக்குடா கடல் மே முதல் செப்டம்பர் வரை அமைதியாக இருக்கும். நவம்பர் முதல் ஜனவரி வரை அங்கும் மழை. ஜூன், ஜூலையில் மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று வறண்டு வீசும், அதற்கேற்பப் பந்தலை இறுக்கிக் கட்ட வேண்டும். பெந்தோட்டை, காலி போன்ற தென்மேற்குக் கரைகளுக்கு டிசம்பர் முதல் மார்ச் வரை ஏற்றது.

மாதத்தைப் பொறுத்துச் செலவு எவ்வளவு மாறும்?

அறை வாடகை உச்சத்தில் நிற்பது கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரத்திலும் நீண்ட வார இறுதிகளிலும். தை, மாசியில் வார நாளில் முகூர்த்தம் அமைந்தால் பேரம் பேச இடமுண்டு. புதுச்சேரியில் வெள்ளி முதல் ஞாயிறு வரை ஊரே விருந்தினரால் நிரம்பியிருப்பதால் அங்கே புதன், வியாழன் இன்னும் நல்லது.

தையில் பூ கையைக் கடிக்கும். பனிக்காலத்தில் மல்லிகை விளைச்சல் சுருங்கி, முகூர்த்த நாளில் கிலோ ஆயிரக்கணக்கில் போகும். மணவறை அலங்காரத்துக்குச் செவ்வந்தி, சம்பங்கி, தென்னங்குருத்து, வாழை என்று போய்விட்டு மல்லிகையைத் தலைக்கு மட்டும் வைத்துக்கொண்டால் அழகும் குறையாது. உப்புக்காற்றில் மென்மையான பூக்கள் சீக்கிரம் வாடும் என்பதற்கும் இதுவே விடை.

மணலில் பந்தல் போடும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில், அந்த மணல் யாருடையது என்று. கடல்நீர் ஏறி இறங்கும் கரை பொது இடம். விடுதியின் சுவருக்குள் இருக்கும் புல்வெளியும் சுவருக்கு வெளியே இருக்கும் கரையும் ஒன்றல்ல. வெளியே வைப்பதென்றால் எந்த அனுமதி வாங்கியிருக்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். பக்கத்து மீனவக் கிராமத்தின் படகு நிறுத்துமிடம், வலை உலர்த்துமிடம் ஆகியவற்றை மறிக்காதீர்கள். அவர்களிடம் முன்கூட்டியே மரியாதையோடு பேசுங்கள்; கரை எப்படி நடந்துகொள்ளும் என்று அவர்களைவிட நன்றாகச் சொல்பவர் யாருமில்லை.

பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி ஓதம், அதாவது கடல்நீர் ஏற்றம், அதிகமாக இருக்கும். பௌர்ணமி முகூர்த்தம் அழகுதான், ஆனால் மேடை இன்னும் சில அடி உள்ளே தள்ளி இருக்கட்டும். வெறும் மணலில் நட்ட கம்பம் காற்றுக்கு நிற்காது. ஆழமாகப் புதைத்து மணல்மூட்டை கட்டியிருக்கிறார்களா என்று முந்தின நாளே ஆட்டிப் பாருங்கள். தகரக்கூரை வேண்டவே வேண்டாம். ஹோமகுண்டத்துக்கு மூன்று பக்கமும் மறைப்பு, குத்துவிளக்குக்குக் கண்ணாடிக் கூண்டு, சக்கர நாற்காலி வரப் பலகைப் பாதை. இந்தக் கடைசி ஒன்றைப் பலர் விட்டுவிடுகிறார்கள். மணலில் பத்தடி நடக்க முடியாமல் பாட்டி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டால் அந்தக் கல்யாணத்தில் என்ன இருக்கிறது?

ஆமைகள் வரும் காலம் என்கிறார்களே, அது என்ன?

நாம் சிறந்ததென்று சொன்ன ஜனவரி முதல் மார்ச் வரையிலான காலம்தான் பங்குனி ஆமைகள் இந்தக் கரையில் முட்டையிடும் காலமும். இரவில் கரையேறி, மணலில் குழி தோண்டி, நூற்றுக்கு மேல் முட்டையிட்டுவிட்டுத் திரும்பும். ஏறக்குறைய 45 நாள் கழித்துக் குஞ்சுகள் வெளிவந்து வெளிச்சமான திசையை நோக்கி நடக்கும். இயற்கையில் அந்த வெளிச்சம் கடல். மின்விளக்கு கரைப்பக்கம் இருந்தால் குஞ்சுகள் கல்யாண மேடையை நோக்கி வந்து சாகும். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிர் இது.

செய்ய வேண்டியது எளிது. இரவு வரவேற்பை மதிலுக்கு உள்ளே வையுங்கள். கடலைப் பார்த்த ஃபோகஸ் விளக்கு, லேசர், வாணவேடிக்கை, பறக்கும் விளக்கு எதுவும் வேண்டாம். காலை முகூர்த்தத்துக்கு இந்தச் சிக்கல் மிகக் குறைவு. பந்தல்காரர் குழி தோண்டுமுன் மணலில் ஆமைத்தடம் இருக்கிறதா என்று பார்க்கட்டும். இருந்தால் வனத்துறைக்குச் சொல்லிவிட்டு இடத்தை மாற்றுங்கள்.

கிறிஸ்தவ, முஸ்லிம் குடும்பங்களுக்கும் இதே மாதங்கள்தானா?

தவக்காலமும் ரமலானும் பார்க்க வேண்டும். 2027இல் இரண்டும் பிப்ரவரி இரண்டாம் வாரத்தை ஒட்டியே தொடங்குகின்றன. ஆகவே அந்த ஆண்டு ஜனவரியும் பிப்ரவரி முதல் சில நாட்களும்தான் நல்ல வானிலை கிடைக்கும் இடைவெளி. மார்கழித் தடை இல்லாதவர்களுக்கு ஜனவரி முதல் பாதியும் திறந்திருக்கிறது. புத்தாண்டுக் கூட்டம் கலைந்து பொங்கல் கூட்டம் வருவதற்கு முன், ஜனவரி 5 முதல் 11 வரை, விடுதிகள் ஓரளவு காலியாக இருக்கும்.

விருந்தினர்கள் கடலில் குளிக்கலாமா?

வேண்டாம் என்று அழைப்பிதழோடு அனுப்பும் குறிப்பிலேயே எழுதிவிடுங்கள். மாமல்லபுரம் பக்கத்துக் கடல் அமைதியாகத் தெரியும் நாளிலும் உள்ளிழுக்கும். 2024 மே 6இல் கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் கடற்கரையில் ஐந்து பயிற்சி மருத்துவர்கள் அலையில் சிக்கி இறந்தார்கள். நண்பர் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தவர்கள் அவர்கள். தொலைதூரக் கடலிலிருந்து வரும் ‘கள்ளக்கடல்’ அலைக்கு அப்போது எச்சரிக்கை அமலில் இருந்தது. தென்முனையிலும் கேரளத்திலும் ஏப்ரல், மே மாதங்களில் வானம் தெளிவாக இருக்கும்போதே இது வரும். காற்றே இருக்காது, கடல் மட்டும் பொங்கும். எந்த மாதமானாலும் நீந்தத் தெரிந்த உள்ளூர் ஆட்கள் இரண்டு பேரைக் கரையில் காவலுக்கு வையுங்கள். அந்தச் செலவைக் குறைக்காதீர்கள்.

எவ்வளவு முன்னதாக இடம் பிடிக்க வேண்டும்?

தை, மாசி முகூர்த்தத்துக்கு முந்தைய சித்திரையிலேயே முன்பணம் கட்டிவிடுவது நல்லது. புதுப் பஞ்சாங்கம் வந்த கையோடு நல்ல நாட்கள் போய்விடும். ஆனி, ஆவணிக்கு நான்கைந்து மாதம் போதும்.

ஒப்பந்தத்தில் இரண்டு வரிகள் இருக்க வேண்டும். புயலாலோ அரசு உத்தரவாலோ நிகழ்ச்சி நடக்காவிட்டால் கட்டிய பணம் வேறு தேதிக்கு முழுதாக மாற்றப்படும் என்பது ஒன்று. மழை வந்தால் உள்ளரங்கத்தைக் கூடுதல் வாடகையின்றித் தருவார்கள் என்பதும், அந்த அரங்கத்தை அன்று வேறு யாருக்கும் விடமாட்டார்கள் என்பதும் மற்றொன்று. வாய்ப்பேச்சாகச் சொன்னால் ஏற்காதீர்கள். கையெழுத்து வாங்கிய பிறகே பத்திரிகை அச்சடிக்கக் கொடுங்கள்.